மரக்கடைக்காரனும் படகுக்காரியும்

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் பல் டாக்டர் என்றுதான் சொன்னார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொய்ப்பல் செய்து தருகிறவர். மாடியில் வீடு, கீழே பட்டறை. சுவரோரம் பலகை அடித்து, ஊராரின் தாடைகளை வெள்ளைச் சுண்ணாம்பில் வார்த்து வரிசையாக அடுக்கியிருப்பார். முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுபோவார்கள். "பயப்படாதீங்க, இதுங்க கடிக்காது. பேசவும் பேசாது. அதனாலதான் நான் பாட்டு போட்டுக்கறேன்" என்பார்.

பாட்டு என்றால் எல்லாப் பாட்டும் இல்லை. அவர் கல்லூரியில் படித்த காலத்தில் ஊர் ஊராகப் போய் மைதானங்களை அதிரவைத்த ஒரு ராக் குழுவின் பாட்டு மட்டும். நாலு பேர் கொண்ட குழு. குழு கலைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதில் பாடுகிறவன் இப்போது இருக்கிறானா இல்லையா என்றுகூட இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நினைத்ததில்லை. தாடைகளுக்குக் கீழே இன்னொரு பலகை போட்டு இசைத்தட்டுகளை வைத்திருந்தார். காலையில் விளக்கைப் போட்டதும் அடுத்த வேலை தட்டைச் சுழலவிடுவதுதான்.

மாடியில் இருந்த அவளுக்குப் பாட்டு வராது. தரை வழியாகத் தாளம் மட்டும் வரும். தும், தும் என்று உள்ளங்காலில் ஏறும். அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். டீ எடுத்துக்கொண்டு கீழே போனால்தான் அந்த ஆளின் தொண்டை கேட்கும். தொண்டை என்றுதான் அவள் சொல்வாள், குரல் என்று சொல்ல மனசு வராது. இசைத்தட்டின் உறையில் பாட்டுகளின் பெயர் அச்சாகியிருக்கும். ஒன்று கதவு, ஒன்று ஏணி, ஒன்று நாற்காலி. அதைப் பார்த்துவிட்டு அவள்தான் அந்தப் பாடகனுக்கு மரக்கடைக்காரன் என்று பெயர் வைத்தாள்.

"உங்க மரக்கடைக்காரன் இன்னிக்கு என்ன விக்கிறான்?"

"நாற்காலி."

"நேத்து கதவு வித்துக்கிட்டிருந்தானே?"

"அது வித்துப்போச்சு. இன்னிக்கு துடுப்பும் வந்திருக்கு, வேணுமா?"

"துடுப்பா? நமக்கு எதுக்கு துடுப்பு? அப்படி என்னதான் சொல்றான், இப்படிக் கத்தி?"

"வார்த்தையெல்லாம் உன் டிபார்ட்மென்ட். நான் அவன் வாயைத்தான் கேக்கறேன். இவனுக்கு மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல் கிடையாது. காத்து அந்தச் சந்துல ஓடுது பாரு. அடுத்த தட்டுல பல் கட்டிட்டான். எவனோ மட்டமா கட்டியிருக்கான். நான் கட்டியிருந்தா இன்னும் நல்லா பாடியிருப்பான்."

வார்த்தை அவள் டிபார்ட்மென்ட் என்றது கேலிக்காக மட்டும் இல்லை. அவள் பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் புத்தகம் வாசிக்கிறவள். கதை, சரித்திரம், சட்டம், சமையல் என்று எது கொடுத்தாலும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். இங்கிலீஷும் நன்றாக வரும். ஆனால் மரக்கடைக்காரனின் இங்கிலீஷைக் காது கொடுத்துக் கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரே ஒரு தடவை டீயோடு இறங்கிப் போனபோது அவர் இவளைக் கவனிக்கவில்லை. கையில் பல் பதிக்கிற மெழுகுக் கத்தி இருந்தது. கத்தி நுனியில் எடுத்த மெழுகு ஆறிக் கெட்டியாகிப் போயிருந்தது. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அவர் முகம் அண்ணாந்திருந்தது. பெரிய எதையோ கிட்டத்தில் பார்த்துவிட்டு வாயடைத்து நிற்கிற முகம். கல்யாணத்தின்போதோ மகள் பிறந்தபோதோகூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டாள். கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்டால் பல் கதை சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார் என்று விட்டுவிட்டாள். கேட்பதற்கு நாள் நிறைய இருக்கிறது என்றும் நினைத்திருக்கலாம்.

அவர் திடீரென்றுதான் போனார். பட்டறையிலிருந்து மேலே வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்றார். அவ்வளவுதான்.

வந்தவர்கள் எல்லாம் வந்து போய், மகளும் தன் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு, அவளுக்கு அழுகையைவிட அந்த முகம்தான் பெரிய தொந்தரவாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தாயிற்று. அவருக்கு எந்தச் சட்டையின் கழுத்து உறுத்தும், எந்த உறவுக்காரர் பேச்சு உறுத்தும் என்று எல்லாம் தெரியும். அந்த முகம் எதைப் பார்த்தது என்பது மட்டும் தெரியாது. இனி யாரைக் கேட்பது?

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒருநாள் கீழே போய், தட்டை வைத்து, ஊசியை இறக்கினாள். கிட்டார் கிறீச்சிட்டது. அந்த ஆள் தொண்டையைத் திறந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தலைவலி வந்தது, வேறொன்றும் வரவில்லை. வழி தவறி வேறு யார் வீட்டுக் கூடத்திலோ போய் நிற்கிற கூச்சம்தான் மிஞ்சியது. ஊசியை எடுத்துவிட்டாள்.

பட்டறையை வாடகைக்கு விட வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி விற்கிறவர் ஒருவர் கேட்டிருந்தார். தாடைகளை எல்லாம் டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. இசைத்தட்டுகள் மட்டும் பாக்கி. கணவரின் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். குடும்பத்தில் அவருக்குச் சின்னவர் என்றே பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். அந்தக் குழுவின் மேல் அண்ணனுக்குக் கொஞ்சமும் குறையாத பைத்தியம்.

"நிஜமாவா சொல்றீங்க அண்ணி? ஒரு தட்டுகூட வேண்டாமா?"

"வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சுவர்ல மாட்டவா?"

"அண்ணன் கனவுல வந்து என்னை அடிப்பார்."

"அவர் நேர்லயே அடிச்சிருக்கணும், விட்டுட்டார். சனிக்கிழமை அட்டைப்பெட்டியோட வாங்க தம்பி."

போனை வைத்த பிறகு, ஒரு கதவைத் தானே சாத்திவிட்டது போல் இருந்தது. சாத்தினால் சாத்தியதுதான், திறக்கத் தெரியாத கதவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் ஒலிநூலகத்தில் அவளுக்கு ஒரு கவிதைப் புத்தகம் கொடுத்தார்கள். மெலிசான மொழிபெயர்ப்பு. பல தலைமுறைக்கு முன்னால், எங்கோ ஓர் ஆற்றுத்துறையில் படகு ஓட்டிய பெண்ணின் பாட்டுகள். முன்னுரையில் அவள் கதை இருந்தது. புருஷன் படகுக்காரன். ஆற்றோடு போய்விட்டான். மறுநாள் கரையில் ஆட்கள் காத்து நின்றார்கள். இவள் போய்த் துடுப்பை எடுத்தாள். சாகும்வரை அந்தத் துறையில் இவள்தான் ஓட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். துடுப்புப் போடும்போது பாடியதைப் பயணிகள் மனப்பாடம் செய்து, வாய்க்கு வாய் மாறி, ரொம்பக் காலம் கழித்து யாரோ ஏட்டில் ஏற்றினார்கள். இழுக்கும்போது சொல் வரும். துடுப்பைத் தூக்கி முன்னால் கொண்டுபோகும்போது மூச்சு வாங்க வேண்டும், சொல் நிற்கும். மறுபடி துடுப்பு நீரில் விழுந்த பிறகுதான் கடைசிச் சொல். அதனால் மொழிபெயர்த்தவர் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வெள்ளையாக இடம் விட்டிருந்தார்.

இன்னொன்றும் முன்னுரையில் இருந்தது. அவள் பாட்டு எதிலும் புருஷன் பெயர் கிடையாது. செத்துப்போனான் என்ற சொல்கூடக் கிடையாது. அவன் புழங்கிய சாமான்களோடுதான் பேசுவாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பெண். அவளுக்குப் பாம்புச்செவி என்று நூலகம் முழுக்கப் பெயர். பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டர் திரும்பினாலும் பதிவை நிறுத்திவிடுவாள்.

"ஆரம்பிக்கலாம் அக்கா."

அவள் வாசித்தாள்.

துடுப்பே,
உன் கைப்பிடியில் தேய்ந்த பள்ளம்    பெரிது.
என் கை அதில்    சிறிது.
ஆனாலும் கரை    வருகிறது.

"அக்கா, நிறுத்துங்க. ஏதோ தட்டுற சத்தம் வருது."

"நான் எதையும் தொடலையே?"

"மேஜை இல்ல. கீழ இருந்து வருது. இன்னொரு தரம் வாசிங்க."

மறுபடி வாசித்தாள். மறுபடி நிறுத்தச் சொன்னாள் பாம்புச்செவி.

"கால் அக்கா. நீங்கதான் குதிகாலால தட்டறீங்க. ஒவ்வொரு வரியிலயும் ஒரே இடத்துல. அந்த வெள்ளை இடம் வருது பாருங்க, அங்க டக்குனு ஒண்ணு."

"நானா?"

"பின்ன நானா? நான் இங்க இருக்கேன். இத்தனை வருஷத்துல நீங்க இப்படிப் பண்ணதே இல்ல. செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். மனசுக்குள் வரியைச் சொன்னாள். என் கை அதில். நிறுத்தினாள். குதிகால் தானாகத் தூக்கித் தானாக விழுந்தது. சிறிது. அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம். வாயில் தெரியாது, காதில் தெரியாது, உள்ளங்காலில் தெரியும். அரிசி களைந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே, இத்தனை வருஷம் தரை வழியாக ஏறிய அதே தும்.

"அக்கா? தண்ணி வேணுமா? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"இன்னிக்குப் போதும்மா. நாளைக்கு வாசிக்கறேன்" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறவில்லை. நேரே பட்டறையைத் திறந்தாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. தட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, துடுப்பு என்று பெயர் அச்சாகியிருந்ததை எடுத்து வைத்தாள். அவர் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் தரையில் பதித்தாள். ஊசியை இறக்கினாள்.

முதலில் அதே கிறீச்சல்தான். இந்தத் தடவை அவள் காதால் துரத்தவில்லை. காலால் காத்திருந்தாள். தும் வந்தது. வரியின் நடுவில், அவன் தொண்டை உச்சிக்குப் போய் அறுந்த இடத்தில், எல்லா வாத்தியமும் நின்று, முரசு ஒரே ஓர் அடி அடித்தது. துடுப்பு நீரில் விழுகிற அடி. அதற்குப் பிறகு, அவள் ஒருநாளும் கேட்டிராதது வந்தது. ஒரு சொல். கத்தலே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பை எடுத்துத் தரச் சொல்கிற குரலில், சாதாரணமாக, சின்னதாக ஒரு சொல்.

அவன் பாடியது இங்கிலீஷில்தான். அவளுக்குள் அது தமிழாகவே விழுந்தது. என் கை அதில். தும். சிறிது.

கையோடு கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்தாள். ஊசியை மறுபடி ஆரம்பத்தில் வைத்து, வரியோடு வரி ஒத்துப் பார்த்தாள். படகுக்காரியின் வரிகளை அப்படியே, சொல்லுக்குச் சொல், இந்த ஆள் மைதானம் மைதானமாகப் பாடியிருக்கிறான். எங்கே படித்தான்? யார் கொடுத்தார்கள்? எந்த ஊர் லாட்ஜில் படுத்துக்கொண்டு புரட்டினான்? தெரியாது. ஆனால் படித்திருக்கிறான். படித்ததோடு விடவில்லை. எழுதத் தெரியாத ஒருத்தி மூச்சு வாங்கிய இடத்தில் இவனும் மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

கதவை எடுத்து வைத்தாள். ஏணியை வைத்தாள். நாற்காலியை வைத்தாள். இவையெல்லாம் அவனே எழுதியவை, புத்தகத்தில் இல்லை. ஆனால் வழி படகுக்காரியின் வழி. கதவே, நீ காற்றுக்கும் திறக்கிறாய் என்றான். ஏமாறுவதற்கு நான், தும், எழுந்திருக்கிறேன் என்றான். ஒரு பாட்டிலும் ஆள் இல்லை. யாரோ ஒருவர் திறந்த கதவு, யாரோ ஏறிய ஏணி, யாரோ உட்கார்ந்து குழிந்த நாற்காலி. மரக்கடை என்று இத்தனை வருஷம் சிரித்தாளே, அது கடையே இல்லை. ஒருவர் எழுந்துபோன வீடு.

அவள் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். மேஜையில் மெழுகுக் கத்தி கிடந்தது. மரப்பிடி ஒரு பக்கம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்து வாயைத் திறந்தாள். "கத்தியே" என்று சொல்லவும் சொன்னாள். மேலே வார்த்தை வரவில்லை. வராமலே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி அறையில் எத்தனை ஆயிரம் பக்கம் வாசித்த வாய், ஒரு சொல்லுக்குப் பிறகு அடைத்துப்போய், அதுவே போதும் என்பது போல இருந்தது.

சனிக்கிழமை சின்னவர் வந்தார். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை என்று திட்டிக்கொண்டே, கக்கத்தில் மடித்த அட்டைப்பெட்டிகளோடு உள்ளே நுழைந்தார்.

"உட்காருங்க தம்பி. ஒரு விஷயம் சொல்லணும்."

"பார்த்தீங்களா, மனசு மாறிட்டீங்க. எனக்கு அப்பவே தெரியும். பெட்டிக்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கேன் அண்ணி, நஷ்ட ஈடு வேணும்."

"முதல்ல உட்காருங்க."

படகுக்காரியின் கதையைச் சொன்னாள். சின்னவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ராக் அண்ணி. மேடையில சட்டையைக் கழட்டி வீசற ஆளுங்க. அவங்களுக்கும் ஓடக்காரிக்கும் என்ன சம்பந்தம்? நீங்க நிறையப் படிக்கறீங்க, அதான் எல்லாம் கவிதையாத் தெரியுது."

அவள் புத்தகத்தைத் திறந்து துடுப்புப் பாட்டை வாசித்தாள். வெள்ளை இடம் வந்தபோதெல்லாம் நிறுத்தினாள். பிறகு ஊசியை இறக்கினாள்.

சின்னவருக்கு அந்தப் பாட்டு தலைகீழ்ப் பாடம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம்கூடப் பாடிக் காட்டுவார். வழக்கம்போல உதடு கூடவே அசைந்தது. முதல் வரியைப் பாடினார். இரண்டாவது வரியில் உதடு பாதியில் நின்றுவிட்டது. முரசு விழுந்தது. சொல் வந்தது. அவர் எழுந்து தட்டருகே போய், அது எப்படிச் சுழல்கிறது என்று முதல்முறை பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"அண்ணி. இதை என் கல்யாணத்துல போட்டோம்."

"தெரியுமே. நானும் இருந்தேனே."

"ஆடினோம் அண்ணி! அண்ணன், நான், என் மாமனார். மாமனாரைத் தோள்ல தூக்கி வெச்சு ஆடினோம். துடுப்புப் போடற மாதிரி கையை ஆட்டிக்கிட்டு!"

"ஒப்பாரிக்கு ஆடின ஒரே கல்யாண வீடு உங்க வீடுதான்."

"அதான் என் பொண்டாட்டி என்னை இன்னிக்கும் ஒரு மாதிரியாப் பார்க்கறா."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவர் போன பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சின்னவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை.

"எங்கப்பா போனப்போ" என்று ஆரம்பித்தார். "நீங்க அப்போ எங்க வீட்டுக்கு வரல. எனக்கு மீசைகூட முளைக்கல. அண்ணன் ரூமைச் சாத்திக்கிட்டு இதே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார். நான் கதவைத் தட்டிச் சண்டை போட்டேன். வீட்ல துக்கம், நீ ஆட்டம் போடற பாட்டு போடறியேடான்னு அண்ணன்னுகூடப் பார்க்காம கேட்டேன். எனக்கும் ஏன்னு தெரியாது, இதைக் கேட்டா நிக்க முடியுதுன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"அண்ணனுக்கு இந்த ஓடக்காரி கதை தெரிஞ்சிருக்குமா அண்ணி?"

"தெரியாது தம்பி. வார்த்தை என் டிபார்ட்மென்ட்ன்னு விட்டுட்டார். அவர் வாயை மட்டும்தான் கேட்டார்."

"தெரியாமலேவா?"

"தெரியாமலேதான்."

சொல்லும்போதே அதன் அளவு அவளுக்குப் பிடிபட்டது. எழுதத் தெரியாத ஒருத்தி ஆற்றில் பாடியதை, பயணிகள் அவளைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள்வரை சுமந்து, யாரோ ஏட்டில் ஏற்றி, யாரோ மொழிமாற்றி, ஒரு கத்துகிற பையன் படித்து, முரசில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் தட்டின் கீறலில் ஏற்றி, கடைசியில் அப்பாவை இழந்த ஒரு பிள்ளையின் சாத்திய அறைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வழியில் அர்த்தம் முழுக்க உதிர்ந்துவிட்டாலும் சரக்கு சேர்ந்துவிட்டது. அவர் முகம் அண்ணாந்து பார்த்தது அதைத்தான். பெயர் தெரியாமல், ஊர் தெரியாமல், படகுக்காரியின் துடுப்பு விழுந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்த முகத்துக்குப் பின்னால் தனக்குச் சொல்லாத ரகசியம் ஏதோ இருக்கிறது என்று இவள் நினைத்திருந்தாள். சொல்ல அவரிடமும் ஒன்றும் இருந்திருக்கவில்லை.

தட்டின் ஒரு பக்கம் முடிந்து ஊசி சும்மா சுற்றியது. சின்னவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை விரித்தார்.

"இதெல்லாம் நான் எடுத்துட்டுப் போனா பாவம் அண்ணி. என்ன பண்ணட்டும்?"

"பெட்டியில போடுங்க. வண்டியில ஏத்தாதீங்க, மாடியில ஏத்துங்க. பாட்டுப்பெட்டியும் ஸ்பீக்கரும் எல்லாம் என் கூடத்துக்கு வரணும்."

"மாடிக்கா? என் இடுப்பைப் பத்தி யாராவது கவலைப்படறீங்களா?"

"ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வந்து கேட்டுட்டுப் போங்க. வரும்போது பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாங்க, அவகிட்டயும் சொல்லணும்."

சின்னவர் தட்டைத் தூக்கி உறையில் போடப் போனார்.

"இருங்க தம்பி. அந்தப் பக்கம் நான் கேட்டதில்லையே. அதுல என்ன?"

"இந்தப் பக்கமா? இது உங்களுக்குக் கேட்டிருக்காது அண்ணி. முதல் பாட்டுல தாளமே கிடையாது. கிட்டார் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவன் மட்டும். அண்ணன் தினமும் இதைத்தான் கடைசியாப் போடுவார்."

அவள் மாடியிலிருந்த சாயங்காலங்களை நினைத்தாள். தரையில் ஒன்றும் வராது. வேலை முடிந்து தட்டை நிறுத்திவிட்டார், மேஜையைத் துடைக்கிறார் என்று அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். தோசை ஒன்றிரண்டு வார்த்த பிறகே அவர் மேலே வருவார். வந்து உட்கார்ந்தும், முதல் தோசை ஆறும்வரை கை வைக்கமாட்டார்.

"போடுங்க" என்றாள்.

சின்னவர் தட்டைத் திருப்பி வைத்து ஊசியை இறக்கினார். சரசரவென்று தூசி ஓடியது. அதற்குப் பின்னால், எந்த வாத்தியமும் இல்லாமல், ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"இப்போ வரும் அண்ணி" என்றார் சின்னவர், குரலைத் தாழ்த்தி.